ஈத்தூண்டில் கழகம் திருகோணமலைக்கு எதற்கு?

உப்புவெளியிலோ நிலாவெளியிலோ விடியற்புறத்தில் ஒருவர் தொடையளவு நீரில் நின்று, தடித்த நூலொன்றைச் சாட்டைபோல முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருப்பார். அகப்பட்ட மீனைக் கையில் ஏந்திப் பார்ப்பார், பிறகு கடலிலேயே விட்டுவிடுவார். கரையில் வலை பொத்திக்கொண்டிருப்பவருக்கு இது விளங்காத வேலை. ஈத்தூண்டில் என்ற இந்த முறைக்கென்று ஒரு கழகம், அதற்கு விதிகள், நோக்கங்கள் என்று கேள்விப்பட்டால் குழப்பம் இன்னும் கூடும். தொழில்முறையை அடியிலிருந்து விளங்கிக்கொண்டால் கழகத்தின் கதையும் விளங்கும். வெளிநாட்டுக் கழகங்களின் நோக்கங்களில் பாதி நம் கடலுக்குப் பொருந்தாது என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

பெயரில் உள்ள ஈ

இணைய மொழிபெயர்ப்புகளில் இது ‘பறக்கும் மீன்பிடி’ என்று வருவதுண்டு. பிழை. ‘ஃபிளை ஃபிஷிங்’ என்பதிலுள்ள ஃபிளை பறத்தலைக் குறிக்கவில்லை, ஈயைக் குறிக்கிறது. குளிர்நாட்டு ஆறுகளில் ட்ரவுட் மீன் நீர்ப்பரப்பில் விழும் பூச்சிகளைத் தின்று வாழும். அந்தப் பூச்சியைத் தூண்டிலில் குத்தினால் பிய்ந்துபோகும். ஆகவே முள்ளின்மேல் நூலும் இறகும் சுற்றிப் பூச்சியைப்போல ஒன்றைக் கட்டினார்கள். கி.பி. 200 அளவில் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் மசிடோனிய ஆறொன்றில் நடந்த இந்த வேலையை எழுதிவைத்திருக்கிறார்: முள்ளில் சிவப்புக் கம்பளி, அதன்மேல் சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கும் இறகு இரண்டு.

கடலில் ஈ தின்னும் மீனைத் தேடவேண்டியதில்லை. இங்கே கட்டப்படும் ‘ஈ’ நெத்தலி, சூடை, இறால், நண்டு ஆகியவற்றின் போலி. பெயர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது. போலி இரை நம்மவர்களுக்குப் புதிதும் அல்ல. சூரைக்கு இழுவைத் தூண்டில் போடுகிறவர்கள் கோழி இறகையும் மினுங்கும் இழையையும் எத்தனையோ காலமாகக் கட்டுகிறார்கள். புதியது அதை எறியும் முறைதான்.

நூல்தான் எறிகல்

சாதாரணத் தூண்டிலில் ஈயக்கட்டி பறக்கிறது, தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. ஈத்தூண்டிலில் முள்ளின் முனையில் இருப்பது பெரும்பாலும் ஒரு கிராமுக்குக் குறைந்த இறகுக் கட்டு. அதை எவ்வளவு பலமாக எறிந்தாலும் பத்தடி போகாது. ஆகவே பாரத்தை நூலுக்குள்ளேயே வைத்தார்கள். பிளாஸ்திக் பூச்சுப் பூசிய தடித்த நூல் அது. அந்த நூல் பறக்கிறது, ஈ அதன் பின்னால் போகிறது.

நூலுக்கு எண் உண்டு. முதல் 30 அடியின் நிறையை வைத்து அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள்:

1. 5ஆம் எண்: சுமார் 9 கிராம். ஆற்று ட்ரவுட்டுக்குரியது.
2. 8ஆம் எண்: 13.6 கிராம், அதாவது ஒன்றேமுக்கால் பவுண் நகைக்குச் சற்றுக் குறைவு. களப்பு மணலைக்கும் சிறு பாரைக்கும் போதும்.
3. 10ஆம் எண்: 18 கிராம். கட்டாவுக்கும் கொடுவாவுக்கும்.
4. 12ஆம் எண்: 24.6 கிராம். பாறைகளோரம் சுற்றும் பெரும் பாரைக்கு.

கம்பும் றீலும் அதே எண்ணில் இருக்கவேண்டும். 10ஆம் எண் நூலை 8ஆம் எண் கம்பில் போட்டால் கம்பு தேவைக்குமேல் வளைந்து நூல் தண்ணீரில் விழும். மாற்றிப் போட்டால் கம்பு வளையவே மாட்டாது. கம்பின் வழக்கமான நீளம் 9 அடி.

நூலுக்கு முன்னும் பின்னும் இரண்டு பாகங்கள் உண்டு. பின்னால், றீலின் அடியில், 30 இறாத்தல் பாரம் தாங்கும் டேக்ரோன் கயிறு 180 மீற்றர் அளவில் சுற்றியிருக்கும். பெருமீன் ஓடும்போது உயிர் காப்பது இதுதான். முன்னால் ‘லீடர்’: 40 இறாத்தல் தங்கூசி ஐந்தரை அடி, அதோடு 30 இறாத்தல் ஒன்றேமுக்கால் அடி, கடைசியில் 20 இறாத்தல் ஒன்றேமுக்கால் அடி. படிப்படியாக மெலிவதால்தான் வீச்சின் வேகம் முனைவரை சென்று ஈ நேராக விழுகிறது. ஒரே தடிப்புத் தங்கூசியை 9 அடிக்குக் கட்டினால் அது குவியலாக விழும். கொடுவாவின் செவுள்மூடி கத்தி, சொரசொரத்த வாயும் நூலை அராவும், ஆகவே கடைசி ஒரு அடிக்கு 40 இறாத்தல் புளோரோகார்பன் தங்கூசி வேண்டும். சீலாவுக்கு அதுவும் போதாது, கம்பிதான்.

வாங்கும்போது நடக்கும் பெரிய தவறு ஒன்றுண்டு. குளிர்நாட்டுக்குச் செய்த நூல் மலிவாகக் கிடைக்கிறதென்று எடுத்துவிடுகிறார்கள். நம் வெயிலில் அதன் பூச்சு இளகி, வேகவைத்த இடியப்பம்போலத் தொய்ந்துவிடும். கம்பின் வளையங்களில் ஒட்டும், தூரம் போகாது. வெப்பவலயக் கடலுக்கென விறைத்த உட்கயிற்றோடு செய்த நூல் தனியாக இருக்கிறது. அதையே கேட்டு வாங்கவேண்டும்.

கச்சானும் வாடையும்

வீச்சில் நான்கு அசைவு: நூலை நீரிலிருந்து தூக்குவது, பின்னால் வீசுவது, நூல் பின்னால் முழுதாக நீளும்வரை நிற்பது, முன்னால் வீசுவது. பெரும்பாலான பிழைகள் மூன்றாவதில். நிற்கும் நேரம் நூலின் நீளத்துக்கேற்ப மாறும். பொறுமையில்லாமல் முன்னே இழுத்தால் நூல் சாட்டைபோல ‘டப்’ என்று வெடிக்கும், ஈ அறுந்து போயிருக்கும். முன்வீச்சில் திடீரென்று பலம் கொடுத்தால் நூலின் மேல்வளைவு கீழ்வளைவை வெட்டி லீடரில் முடிச்சு விழும். அதைக் காற்றுமுடிச்சு என்று காற்றின் தலையில் போடுவார்கள். காற்றுக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. முடிச்சு விழுந்த இடத்தில் தங்கூசி பாதிப் பலம் இழந்திருக்கும், வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டவேண்டும்.

ஆனால் திருகோணமலையில் காற்று உண்மையாகவே ஒரு தரப்பு. ஏறத்தாழ நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடை கடலிலிருந்து முகத்துக்கு நேரே அடிக்கும், கடலும் கலங்கும். அந்த மாதங்களில் வெளிக்கரையை விட்டுவிடலாம். மார்ச், ஏப்ரலில் கடல் ஆறும். மே முதல் கச்சான். தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்றென்பதால் உதவியாக இருக்கும் என்று தோன்றும். கிழக்கே பார்த்து நிற்பவருக்கு முதுகுப்பக்கக் காற்று முன்வீச்சைக் கொண்டுபோகும், ஆனால் பின்வீச்சை நீளவிடாது. நீளாத பின்வீச்சிலிருந்து நல்ல முன்வீச்சு வராது. தீர்வு: பின்வீச்சைத் தாழ்த்தி, காற்றுக்கு அடியால், சற்றுப் பலமாகவும், முன்வீச்சை உயர்த்தியும் விடுவது.

கச்சான் தென்மேற்காகச் சாயும் நாட்கள் ஆபத்தானவை. வலக்கைக்காரருக்குக் காற்று வலத்தோளின் பின்னாலிருந்து வரும், முள் காதுக்கும் கண்ணுக்கும் வந்து சேரும். அப்போது தெரிந்தவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பின்வீச்சையே கடலுக்கு விடுவார்கள். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் எந்தக் காற்றிலும் இறங்கக்கூடாது. காலை ஒன்பது மணிக்குப் பிறகு காற்று எழும்புமென்பதால் விடியற்புறம்தான் நேரம்.

மீன் கடித்தபின் நடக்கும் பிழையும் ஆற்றுப் பழக்கத்தின் மிச்சம். ட்ரவுட்டுக்குக் கம்பை மேலே தூக்கினால் முள் ஏறிவிடும். கட்டாவின் வாய் எலும்பு. கம்பைத் தூக்கினால் ஈ வாயிலிருந்து வெளியே வரும், மீனும் அதோடு விலகும். கம்பின் முனையை நீருக்கு நேரே தாழ்த்தி, இடக்கையால் நூலை வெடுக்கென்று இழுக்கவேண்டும். கம்பை உயர்த்துவது அதற்குப் பிறகுதான்.

கழகங்கள் ஏன் தோன்றின

இங்கிலாந்தின் டெஸ்ட் ஆற்றில் ஹோட்டன் மீன்பிடிக் கழகம் 1822இல் தொடங்கியது. இலண்டனில் ஃபிளை ஃபிஷர்ஸ் கழகம் 1884இல். அங்கே ஆற்றங்கரைக்குச் சொந்தக்காரர் உண்டு. கரையோடு மீன்பிடி உரிமையும் அவருடையது. தனியொருவரால் குத்தகை கட்ட முடியாத நீரை நாலுபேர் சேர்ந்து எடுத்தார்கள். எடுத்த நீரில் மீன் குறைந்தால் குஞ்சு விட்டார்கள். ஆள் கூடினால் சண்டை வருமென்று விதி போட்டார்கள். யார் எத்தனை பிடித்தார் என்று ஏட்டில் எழுதினார்கள். நீர், குஞ்சு, விதி, ஏடு: கழகத்தின் நோக்கம் எந்த மொழியில் எழுதப்பட்டாலும் இந்த நான்கில் அடங்கும்.

இலங்கைக்கும் அதே அச்சுத்தான் வந்தது. 1880களில் தோட்டத்துரைமார் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் கொண்டுவந்து விட்டார்கள். முதலில் வந்த பழுப்பு ட்ரவுட் இங்கே பெருகவில்லை. பின்னால் வந்த வானவில் ட்ரவுட்தான் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் பிடித்துக்கொண்டது. 1896இல் சிலோன் மீன்பிடிக் கழகம் உருவாகி, குஞ்சு பொரிப்பதும் ஓடைகளில் விடுவதும் அனுமதிச்சீட்டுக் கொடுப்பதும் அதன் கைக்கு வந்தன.

கடலோரம் இந்த வழியில் போகவில்லை. திருகோணமலை பிரித்தானியக் கடற்படைத் தளமாக 1957 வரை இருந்தது. பிறகு வந்த போர் ஆண்டுகளில் கடலுக்குப் போவதே அனுமதியையும் நேரக் கட்டுப்பாட்டையும் பொறுத்த விடயம். பொழுதுபோக்குக்காகக் கரையில் தூண்டிலோடு நிற்கும் பழக்கம் வேர்விட இடமே இருக்கவில்லை. 2009க்குப் பின் சுற்றுலாவோடு வந்ததுதான் இப்போது நாம் காண்பது.

நான்கு நோக்கங்களும் இந்தக் கடலும்

இந்தக் கரையில் கழகம் அமைப்பவர்கள் நுவரெலியா அச்சையே நகலெடுத்தால் என்ன ஆகும்?

1. *நீர்.* இங்கே கடலைக் குத்தகைக்கு எடுக்க முடியாது. ஆனால் ஆளில்லாத கடலும் அல்ல. கரைவலைப் பாடு, அதாவது வலை இழுக்கும் கரைப்பகுதி, ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு, உரித்தான சம்மாட்டி உண்டு. கடல் ஆறும் மாதங்களே கரைவலை இழுக்கும் மாதங்களும், ஈத்தூண்டிலுக்கு ஏற்ற மாதங்களும். வலை வளைத்திருக்கும்போது அதன் இரண்டு கயிற்றுக்கும் இடையில் ஒருவர் இறங்கி நூல் வீசினால் மீன் கலையும், அன்றைய உழைப்புப் போகும். ஆகவே கழகத்தின் முதல் வேலை நீரைப் பிடிப்பதற்குப் பதிலாக, எந்தப் பாட்டில் எப்போது இறங்கக்கூடாது என்று அந்தந்த ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தோடு பேசி ஒரு பட்டியல் போடுவது. வலை கரையேறிய பிறகு அதே இடத்தில் நிற்க ஒருவரும் தடை சொல்வது அரிது, கேட்டுவிட்டு இறங்கினால்.

2. *குஞ்சு.* இதை முற்றாக விட்டுவிடவேண்டும். வானவில் ட்ரவுட்டும் பழுப்பு ட்ரவுட்டும் உலகின் மிக மோசமான நூறு ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் இருப்பவை. களப்புக்குத் தேவை வெளியிலிருந்து வரும் குஞ்சு அல்ல. கண்டலும் கடற்சாதாளையும் இருந்தால் குஞ்சு தானாக வரும். தம்பலகாமம் குடாவின் ஆழமற்ற நீரிலும் கொட்டியாரக் குடாவில் மகாவலி விழும் சேற்றோரங்களிலும் வளரும் குஞ்சுதான் பின்னால் வெளிக்கடல் மீனாகிறது.

3. *விதி.* ஆற்றுக் கழகங்களின் அடிப்படை விதி, சிறியதை விடு, பெரியதை எடு என்பது. கொடுவாவுக்கு இதைத் தலைகீழாகப் போடவேண்டும். கொடுவா முதலில் ஆணாக முதிர்கிறது. சில ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ 80 முதல் 100 சென்ரிமீற்றர் நீளத்தில், பெண்ணாக மாறுகிறது. பெரியதெல்லாம் பெண். ஒரு குடாவின் பெருங்கொடுவாக்களைப் படம் எடுத்துக் கறியாக்கினால் முட்டையிட ஆள் இல்லை. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கொடுவாவுக்குக் குறைந்த அளவு 58 சென்ரிமீற்றர், கூடிய அளவு 120. கீழெல்லையோடு மேலெல்லையும் வைத்தது இதற்காகத்தான். கழகம் தனக்குத்தானே இதைவிடத் தாழ்ந்த மேலெல்லை வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை.

4. *ஏடு.* பழைய நோக்கங்களில் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடியது இது ஒன்றுதான். கீழே தனியாகப் பார்ப்போம்.

விடுவதும் ஒரு வேலை

பிடித்த மீனைத் திரும்ப விட்டால் மட்டும் அது பிழைத்துவிடாது. 10 பாகை குளிரிலுள்ள நன்னீரில் லீற்றருக்கு 11 மில்லிகிராம் ஒட்சிசன் வரை கரைந்திருக்கலாம். 30 பாகைக் கடல்நீரில் ஏறத்தாழ 6 மட்டும். குளிர்நீர் மீனை இருபது நிமிடம் விளையாட்டுக் காட்டலாம் என்று எழுதுகிறவர்களின் பேச்சை இங்கே கேட்கக்கூடாது. மெல்லிய கம்பால் நீண்ட நேரம் இழுத்து விட்ட மீன் நீந்திப் போவதுபோலத் தோன்றும், பிறகு அடியில் கிடந்து சாகும். ஆகவே:

1. மீனுக்குத் தேவையானதைவிட ஒரு எண் கூடிய கம்பு. சில நிமிடங்களில் கைக்கு வரவேண்டும்.
2. முள் கழன்றுவிடாமல் பிடிக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் முன்பே நசுக்கிவிடவேண்டும். மீனிலிருந்து மட்டுமல்ல, நம் விரலிலிருந்து எடுக்கவும் அது இலகு.
3. கையை நனைத்துவிட்டே தொடவேண்டும். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும், அந்த இடத்தில் புண் வைக்கும்.
4. படம் வேண்டுமானால் நீரை விட்டு வெளியே பத்து விநாடி. தாடையில் தூக்கித் தொங்கவிடுவது பெரிய கொடுவாவின் முதுகெலும்பையும் உள்ளுறுப்பையும் கெடுக்கும். வயிற்றடியில் மறுகை கொடுக்கவேண்டும்.
5. விடும்போது தலை ஓட்டத்துக்கு எதிராக. வால் தானாக உதைக்கும்வரை பிடித்திருக்கவேண்டும். முன்னும் பின்னும் ஆட்டத் தேவையில்லை.

கட்டாவைப் பிடிப்பவர் அதன் முதுகிலும் அடியிலும் உள்ள குட்டை முட்களைக் கவனிக்கவேண்டும், குத்தினால் கடுக்கும். மீன் முள்ளை விழுங்கி செவுளில் இரத்தம் வந்திருந்தால் விட்டுப் பயனில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொதி வைக்கலாம். இதைக் குற்றமாகப் பார்க்கும் வெளிநாட்டுக் கறார் நமக்கு வேண்டாம். பசியுள்ள ஊரில், உண்ணக்கூடிய மீனைச் சாகவிட்டுத் திரும்புவதுதான் தவறு.

இறங்கக்கூடாத இடங்கள்

புறாத்தீவு 1963இல் சரணாலயமானது, 2003இல் தேசிய பூங்கா. தீவோடு சேர்த்துச் சுற்றியுள்ள கடலும் பவளப்பாறையுமாக 471 ஹெக்டேயர். அதற்குள் எந்தத் தூண்டிலும் கூடாது, விடுவதற்காகப் பிடித்தாலும் கூடாது. உள்துறைமுகமும் அதையொட்டிய கடற்படைக் கரைகளும் பாதுகாப்பு எல்லைக்குள் வருபவை, கேட்காமல் போகவேண்டாம். மகாவலிக் கழிமுகத்திலும் வெருகல் பக்கத்திலும் முதலை உண்டு, அங்கே நடந்து இறங்காமல் வள்ளத்திலிருந்து வீசலாம். மணற்தரையில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிவிடும்.

நீர் ஏறி இறங்குவதும் இங்கே கொஞ்சம்தான், பருவத்தில் சுமார் 60 சென்ரிமீற்றர். அதனால் கரையோரம் முழுக்க ஓட்டம் தெரியாது. ஒடுங்கிய வாய்களில் மட்டும் தெரியும்: கிண்ணியாப் பாலத்தடி, இறக்கக்கண்டி முகத்துவாரம். வற்று ஓடும்போது களப்பின் சிறுமீன் வெளியே இழுபடும், அதற்காகப் பெருமீன் வாயில் காத்திருக்கும். வலைகாரருக்கும் இது தெரியும் என்பதால் இந்த இடங்களில்தான் பட்டியல் மிகவும் அவசியம்.

ஏட்டில் என்ன எழுதுவது

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடைசெய்கிறது. சட்டம் இருந்தும் வெடிச்சத்தம் கேட்கிறது. வெடிபோட்ட பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) அடுத்த மாதம் என்ன மிஞ்சியது என்று சொல்ல எண்ணிக்கை வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் விற்பனைக்கு வரும் மீனின் கிலோக் கணக்கு இருக்கும். விற்பனைக்கு வராத மீனின் கணக்கை வைத்திருக்கக்கூடியவர் பிடித்துவிட்டு விடுகிறவர்தான். அங்கேதான் கழகம் ஊருக்குப் பயன்படும்.

ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: திகதி, இடம், இறங்கிய நேரம், ஏறிய நேரம், காற்று, நீர் ஏற்றமா வற்றா, நூலின் எண், மீனின் ஊர்ப்பெயர், நீளம், விட்டதா எடுத்ததா. நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வாலின் கடைசிவரை அளப்பது என்று முதல் நாளே முடிவெடுக்கவேண்டும். ஒருவர் வாற்கவட்டுவரையும் இன்னொருவர் வால்முனைவரையும் அளந்தால் இரண்டு வருட ஏடும் வீண். நிறை எழுதவேண்டாம், தராசில் தொங்கும் மீன் பிழைக்காது. ஊர்ப்பெயரோடு படமும் வைக்கவேண்டும். ஒரே மீனுக்குக் கிண்ணியாவில் ஒரு பெயரும் நிலாவெளியில் இன்னொரு பெயரும் இருக்கலாம்.

எல்லா ஏடும் பழுதாகும் இடம் ஒன்று: ஒன்றும் அகப்படாத நாளை எழுதாமல் விடுவது. நாலு மணித்தியாலம் நின்று வெறுங்கையோடு திரும்பியவர் வெட்கத்தில் ஏட்டைத் திறக்கமாட்டார். மீன் அகப்பட்ட நாட்கள் மட்டும் ஏறிய ஏட்டில், மணித்தியாலத்துக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால் கடல் ஆண்டுதோறும் ஒரேமாதிரி நிறைந்திருப்பதாகத் தெரியும். குறைவு முதலில் தெரிவது அந்த வெறும் வரிகளில்தான்: திகதி, இடம், நேரம், காற்று, மீன் இல்லை.